மலையேற விளக்கு

கொம்பேறி மலைக்கு ஏறுகிற ரோட்டில் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன. தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றின் காலையிலிருந்து பதினேழுதான் இருந்தன. பதினெட்டாவது வளைவில் நின்றிருந்த சில்வர் ஓக் மரமும், ‘18’ என்று எழுதிய மஞ்சள் பலகையும், ரோடு போட்டவர்கள் விட்டுவிட்டுப் போன தார் டிரம்மும் என்ன ஆயின என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அடிவாரத்து ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சியக்காவைக் கூட்டிக்கொண்டு ஏறிவந்த ராசாங்கத்தின் கார் பதினேழாவது வளைவைத் திரும்பி நிமிர்ந்ததும் நேரே பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் வந்து நின்றது, பின்சீட்டில் முடங்கிக் கிடந்த பேச்சியக்கா தலையைத் தூக்கி, “அதுக்குள்ளயா வந்துட்டோம்?” என்றாள், அவ்வளவுதான். சீக்கிரம் வீடு வந்து சேர்ந்ததற்காக யார் போய்ப் புகார் கொடுப்பார்கள்?

அந்தக் காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது பினாங்கு டாக்டருடையது. டாக்டர் பினாங்கில் பிறந்து வளர்ந்த தமிழர், கொம்பேறியில் ஆறு வருடம் இருந்து வைத்தியம் பார்த்தவர், வரும்போதே தன்னுடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தவர். இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் உடம்பு, முன்விளக்குகள் வேண்டும்போது மூடியைத் திறந்து எழும்பும், வேண்டாதபோது உள்ளே போய்விடும். முப்பது வயதைத் தாண்டிய அந்த வண்டிக்குக் கிளட்ச் கிடையாது, கியரை அதுவே மாற்றிக்கொள்ளும், ஓட்டுகிறவனின் இடது காலுக்கு அதில் வேலையே இல்லை என்பதால் மலையின் ஜீப் டிரைவர்கள் அதற்குச் சோம்பேறி வண்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். போன ஐப்பசியில் டாக்டர் மகளோடு இருக்கப் பினாங்குக்கே திரும்பியபோது, அந்தச் சோம்பேறி வண்டியின் சாவியை ராசாங்கத்தின் கையில் வைத்து, “உன் காலுக்கு இதுதான் சரி. ஊருல யாருக்காவது அவசரம்னா நீதான் ஓட்டணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராசாங்கத்துக்கு இடது முட்டி மடங்காது. இருபது வருடம் அந்த மலையில் ஜீப் ஓட்டியவன் அவன். நாலு வருடத்துக்கு முன்னால் பதின்மூன்றாவது வளைவில் அவனுடைய ஜீப் கவிழ்ந்தது. அவனுக்கு முட்டி போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனுடைய ஒன்பது வயது மகள் பூமயில் அந்த இடத்திலேயே இறந்துபோனாள். காரியம் முடிந்த மறுநாள் அவன் மனைவி ஒச்சம்மா ஒரு அடுப்பையும் இரண்டு பெஞ்சையும் இறக்கிக்கொண்டு போய் அந்த வளைவின் உள்மடிப்பில் தகரக் கூரை போட்டு டீக்கடை வைத்தாள், மகள் கிடந்த இடத்தில் கல்லடுக்கி ஒரு மாடம் கட்டி அகல் ஏற்றினாள், ஏற்றிய விளக்கை அன்றிலிருந்து ஒரு பொழுதும் மலையேற விடவில்லை. விளக்கு அணைந்தது என்று எங்கள் பக்கத்தில் வாயால் சொல்ல மாட்டோம், அது ஆகாத பேச்சு, மலையேறிவிட்டது என்போம். டாக்டருக்கு மட்டும் அந்தப் பேச்சு கடைசிவரை வரவில்லை. டீ குடிக்க இறங்கும்போதெல்லாம், “காத்து அடிக்குது, விளக்கு அணையப் போகுதும்மா” என்பார், ஒச்சம்மா வடிகட்டியோடு பாய்ந்து வந்து, “அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க டாக்டரய்யா, மலையேறப் போகுதுன்னு சொல்லுங்க” என்பாள், அவர் சிரித்துக்கொண்டே, “விளக்கு எப்படிம்மா மலை ஏறும், அதுக்கு என்ன காலா இருக்கு?” என்று கேட்பார். ஆறு வருடம் ஊரே அவருக்குப் பாடம் எடுத்தும் அவர் தேறவில்லை.

ராசாங்கமோ அந்தக் கடையில் ஒரு நாளும் இறங்கியதில்லை. மேலே வீட்டில் தனியாகப் பொங்கித் தின்றான். பஸ்ஸில் போக நேர்ந்தாலும், பின்னாளில் டாக்டரின் காரை ஓட்டும்போதும், பன்னிரண்டாவது வளைவு தாண்டியதும் முகத்தை எதிர்ப்பாறைக்குத் திருப்பிக்கொள்வான். ஒச்சம்மா அவனைக் கூப்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. வண்டிச் சத்தம் கேட்டால் கடைக்கு வெளியே வந்து நின்று, ஓட்டுகிறவன் யாராக இருந்தாலும் அவன் முகத்தை உற்றுப் பார்ப்பாள், போனதும் உள்ளே போய்விடுவாள். அவள் என்ன தேடுகிறாள் என்று டிரைவர்களுக்குத் தெரியும், அதனால் அந்த வளைவில் மட்டும் எல்லோரும் மெதுவாகத் திரும்பினார்கள்.

சாவி கைக்கு வந்தும் ராசாங்கம் இரண்டு மாதம் அந்த வண்டியைத் தொடவில்லை. மார்கழிக் கடைசியில் ஊரே கூடி நின்று அவனை அதில் உட்கார வைத்துக் கிளப்பச் சொன்னபோது, வேகம் காட்டும் வட்டத்துக்குக் கீழே ஒரு சின்ன மஞ்சள் விளக்கு இங்கிலீஷ் எழுத்துகளோடு எரிந்தது. கியர்க் கம்பியின் பக்கவாட்டில், கட்டைவிரல் படுகிற இடத்தில், ஒரு பொத்தான் உள்ளே அமுங்கியபடி இருந்தது. பொத்தானுக்குக் கீழே டாக்டர் கைப்பட எழுதி ஒட்டிய துண்டுச்சீட்டில் இரண்டே வார்த்தைகள்: ‘மலையேற விளக்கு.’ நல்லமுத்து வாத்தியார்தான் ஜன்னலுக்குள் தலையை விட்டுப் படித்தார். அவர் படிக்காமல் அந்த ஊரில் எதையும் யாரும் நம்புவதில்லை, அவரும் தெரியாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

“ஓ.டி. ஆஃப்னு போட்டிருக்கு,” என்றார் வாத்தியார். “ஓ.டி.ன்னா ஓவர்டிரைவ். மிஞ்சின ஓட்டம்னு வச்சுக்க. மலையில அது நமக்கு எதுக்கு? ஆஃப்னா அணை...” நாக்கைக் கடித்துக்கொண்டார். “மலையேத்துன்னு அர்த்தம். டாக்டரும் அதையேதான் தமிழ்ல எழுதி ஒட்டியிருக்காரு. விளக்கு மலையேற இந்தப் பொத்தானை அமுக்கணும். பினாங்குத் தமிழ்ல, அதான் முன்னபின்ன இருக்கு.”

ராசாங்கம் அமுக்கினான். பொத்தான் வெளியே துள்ளியது, விளக்கு மலையேறியது, கூடியிருந்தவர்களெல்லாம் ஆறு வருடம் எடுத்த பாடம் வீண்போகவில்லை என்று சந்தோஷப்பட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கார் விளக்கில்லாமல்தான் மலை ஏறியது.

ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஒரு வளைவு போயிற்று. இறங்கும்போது ஒன்றும் ஆகவில்லை. ஏறும்போது, இருக்கிற வளைவுகளில் எது உச்சியோ அதற்கு வந்ததும், ஸ்டியரிங் திரும்பாமல் நேராகவே நிற்கும், கார் ஒரு தும்மல்போல அதிரும், திரும்பிப் பார்த்தால் வளைவு இருந்த இடத்தில் பாறை இருக்கும். பதினேழு போயிற்று, அதோடு ஜோடிகள் உட்காரும் பாலம் போயிற்று. பதினாறு போயிற்று, அதோடு குரங்குக்குத் தீனி போடாதே என்ற பலகையும் தீனிக்காகக் காத்திருந்த குரங்குகளும் போயின. பதினைந்து போயிற்று, அதோடு போனது கன்னிமார் கோயில். கோயில் போனதற்கு மட்டும் ஊர் ஒரு பகல் வருத்தப்பட்டது, பிறகு பூசாரி பாறையின் விரிசலில் காது வைத்துக் கேட்டு, உள்ளே மணி ஆடுகிறது என்று சொன்னதும், பொங்கலை விரிசலுக்கு முன்னால் வைத்துப் படைத்துவிட்டு வந்தார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் ‘பதினான்கு வளைவுகள் கடந்து வருக’ என்று அச்சடித்தார்கள். அளக்க வந்த ரோட்டு இலாகா ஆட்கள் இரண்டு நாள் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எந்தக் காகிதத்திலும் கோளாறு வராதபடி பலகைகளில் மொத்த எண்ணை மட்டும் மாற்றி எழுதிவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறது என்று தாய்மார்கள் பேசிக்கொண்டார்கள். நாலு வருடமாக வாசலில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்த ராசாங்கத்தை இப்போது வழியில் பார்த்தவர்கள் நின்று கும்பிட்டார்கள், அதை அவன் வெட்கத்தோடும் பசியோடும் வாங்கிக்கொண்டான்.

மாசிக் கடைசியில் பதினான்கும் போயிற்று. அது கருத்தப்பிள்ளையின் ஆட்டுப்பட்டி இருந்த வளைவு, உள்ளே மூன்று வெள்ளாடுகள் கட்டிக்கிடந்தன. கருத்தப்பிள்ளை பாறை முன்னால் போய் நின்று கத்தினார், உள்ளேயிருந்து ஆடுகள் பதிலுக்குக் கத்தின. அகத்திக்கீரையை விரிசலில் செருகி வைத்தால் மறுநாள் காம்புதான் மிச்சம் இருந்தது. ஆடு சாகவில்லை, பால்தான் கறக்க முடியவில்லை என்று சொல்லி அவரைத் தேற்றினார்கள். ஆனால் அதற்குள் இன்னொன்றையும் எல்லோரும் உணர்ந்திருந்தார்கள். வளைவு குறைந்ததே தவிர மலையின் உயரம் குறையவில்லை. அதே உயரத்தை மிச்சமிருந்த ரோடு ஏற வேண்டியிருந்ததால் அது செங்குத்தாகிக்கொண்டே வந்தது. பால்கேன்கள் தானாக உருண்டன, பஸ் பன்னிரண்டாவது வளைவிலேயே ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பியது, ஊரில் ஓடிய கடைசி ஜீப்பும் கிளட்ச் கருகி நின்றது. ஏறக்கூடியது டாக்டர் கார் ஒன்றுதான், அதுவும் முனகிக்கொண்டுதான் ஏறியது.

அடுத்தது பதின்மூன்று. அதை வாய்விட்டுச் சொல்லப் பஞ்சாயத்துத் தலைவர் செங்கமலம் ஊரைப் பள்ளிக்கூடத்தில் கூட்டினாள், கூட்டம் அப்படியே பன்னிரண்டு பேராக ஒச்சம்மாவின் கடைக்கு இறங்கிப் போனது. ராசாங்கமும் போனான், ஆனால் வளைவுக்கு மேலேயே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துகொண்டான்.

“கடையை மேல மாத்திக்க ஒச்சம்மா,” என்றாள் செங்கமலம். “ஸ்கூல் பக்கத்துல எடம் தர்றேன். மாடத்தையும் பேத்துக் கொண்டாந்து வச்சுக்கலாம்.”

“எடத்தை எப்படிக்கா பேக்குறது?” என்றாள் ஒச்சம்மா.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். “பிடிவாதம் பண்ணாத. உள்ள போனாலும் உனக்கு ஒண்ணும் ஆகாது. ஆடு உசுரோடதானே இருக்கு? நீயும் உள்ளயே டீ போடு, விரிசல் வழியா வாங்கிக்குறோம்.” சிலர் சிரித்தார்கள். ஒச்சம்மா சிரிக்கவில்லை, அவருக்குப் போட்டு வைத்திருந்த டீயை ரோட்டில் ஊற்றினாள், அது நிற்காமல் செங்குத்தில் ஓடிப்போனது. “நான் எங்கயும் வரல,” என்றாள். “அந்த வண்டி என்னைய முழுங்கட்டும்.”

கல்லில் உட்கார்ந்திருந்த ராசாங்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மனசில் இருந்ததை அவன் யாரிடமும் சொல்ல முடியாது. அவனுக்கு அந்த வளைவு போக வேண்டும். அது இல்லாத ஒரு ரோட்டில் ஒரே ஒரு நாள் ஏறிப் பார்க்க வேண்டும். வளைவே இல்லை என்றால் அங்கே எதுவும் கவிழ்ந்திருக்க முடியாதே என்று, பகலில் நினைக்கவே கூசுகிற ஒரு கணக்கை அவன் முதல் வளைவு போன நாளிலிருந்தே போட்டுவந்தான். ஆனால் அந்த மடிப்புக்குள் ஒச்சம்மாவும் உட்கார்ந்திருந்தாள். அதனால் சாவியை வீட்டு உத்தரத்தில் தொங்கவிட்டு, உயிர் போகிற அவசரம் தவிர எதற்கும் எடுக்க மாட்டேன் என்றான்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பேச்சியக்காவின் மருமகன் கூரையிலிருந்து விழுந்ததில் தோள்பட்டை இறங்கிப்போயிற்று. இறக்கத்தில் வளைவு போகாது என்பதால் ராசாங்கம் அவனை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டான். காரை அங்கேயே போட்டுவிட்டு நடந்தாவது ஏறிவிடலாம் என்று எண்ணியபடி, அதன் நடுக்கத்தைக் காட்ட மெக்கானிக் சிந்தாமணியின் பட்டறைக்குப் போனான்.

சிந்தாமணி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தான். “கியர்ப்பெட்டி சூடாகிக் கெடக்குண்ணே. ஓவர்டிரைவ்ல போட்டுக்கிட்டா மலை ஏறுறீங்க?”

“இல்லப்பா. மிஞ்சின ஓட்டம் மலையில எதுக்கு?”

“அதான் சரி. தரை ரோட்டுல, கூட்டமில்லாத எடத்துல, ஒரே சீரான வேகத்துல போறப்பத்தான் ஓவர்டிரைவ். இஞ்சின் ஒரு சுத்து சுத்துனா சக்கரம் அதுக்கு மிஞ்சிக் கால் சுத்து கூடச் சுத்தும். சத்தம் கொறையும், எண்ணெய் மிச்சம். ஆனா இழுவை இருக்காது. ஏத்தத்துல போட்டா வண்டி திணறும், கியரை எறக்கும், ஏத்தும், எறக்கும், பைத்தியம் புடிச்ச மாதிரி. எறக்கத்துலயும் ஆகாது, இஞ்சின் வண்டியப் புடிச்சு நிறுத்தாது, பிரேக்குதான் தேயும். மலைன்னா ஓவர்டிரைவ் வேணாம்.”

“நான் விளக்கை மலையேத்திட்டுத்தாம்பா ஏறுறேன்.”

“அப்பச் சரியாத்தான் செய்யிறீங்க,” என்றான் சிந்தாமணி. அவனும் எங்கள் பக்கத்துக்காரன்தானே. விளக்கு மலையேறினால் ஓவர்டிரைவும் மலையேறியது என்றே அவனும் எடுத்துக்கொண்டான், குனிந்து அந்த எழுத்தைப் பார்க்கவில்லை. ராசாங்கம் மட்டும் ஒன்று கேட்டான்: “அந்தக் கால் சுத்து, கூடச் சுத்துதுன்னியே, அது எங்கருந்துப்பா வருது?” சிந்தாமணி கையைத் துடைத்துக்கொண்டு, “எங்கருந்தாவது எடுத்துத்தானே ஆகணும்” என்று சிரித்தான்.

அப்போது போன் அடித்தது. மேலே துணைச் சுகாதார நிலையத்தில் இருக்கும் எஸ்தர் சிஸ்டர்.

“அண்ணே, நல்லமுத்து சாரைக் கண்ணாடிவிரியன் கடிச்சிருச்சு. ஸ்கூல் தோட்டத்துல புல்லு புடுங்கிட்டிருந்தாரு. கையில இருந்த மருந்தை எல்லாம் போட்டுட்டேன், பத்தல, ஈறுல ரத்தம் கசியுது. ஆஸ்பத்திரியில சொல்லிட்டேன், பத்து பாட்டில் ஐஸ் பெட்டியில வச்சுத் தருவாங்க. பன்னெண்டு மணிக்குள்ள வந்துருங்கண்ணே.”

மணி பதினொன்று இருபது. ஏறக்கூடிய வண்டி மலையில் வேறு கிடையாது.

ஐஸ் பெட்டியைப் பக்கத்துச் சீட்டில், நாலு வருடத்துக்கு முன்னால் வேறொரு வண்டியில் பூமயில் உட்கார்ந்திருந்த பக்கத்தில், பெல்ட் போட்டுக் கட்டிவைத்துக்கொண்டு அவன் கிளம்பினான். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. கார் ஏறும், திணறும், கியரை இறக்கும், உறுமும், உடனே மனசு மாறி மறுபடி ஏற்றும், மூச்சு விடும், மறுபடி திணறும். ஏழாவது வளைவில் சூடு காட்டும் முள் நிமிர்ந்தது. ஒன்பதில் பனி இறங்கியது, ரோடு பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஒச்சம்மா வெளியே வந்து நிற்பாள், கையைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டுக்கொண்டு போய்விடலாம், வளைவு போகட்டும், அவள் இருந்தால் போதும், வாத்தியாரும் பிழைப்பார் என்று சொல்லிக்கொண்டான். அப்படிச் சொல்லிக்கொள்ளும்போதே, வளைவு போகட்டும் என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் தன் நெஞ்சில் இனிப்பதைக் கண்டு அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பன்னிரண்டைத் திரும்பினான். அங்கிருந்து ரோடு சுவரில் சாய்த்த ஏணிபோல எழுந்து நின்றது.

பதின்மூன்றாவது வளைவின் நடு ரோட்டில் ஒச்சம்மா நின்றுகொண்டிருந்தாள். முகத்தை எதிர்ப்பாறைக்குத் திருப்ப வழியில்லை. பிரேக்கை ஏறி மிதித்தான். கார் நின்றது, ஒரு முழம் பின்னால் வழுக்கியது, கைப்பிரேக்கை இழுத்ததும் மறுபடி நின்றது.

“ஏறு ஒச்சு,” என்று கத்தினான். “வாத்தியாரைப் பாம்பு கடிச்சிருச்சு. மருந்து வச்சிருக்கேன். வா, ஏறிரு.”

“வாத்தியாரையா?” அவள் முகம் மாறியது. “பொழைக்கட்டும் மனுசன். என்கிட்ட மன்னிப்புக் கேக்க ஆள் வேணும்ல.” ஆனால் நகரவில்லை. “நான் ஏற மாட்டேன். நீங்க போறதுன்னா என்னையும் இந்த எடத்தையும் சேர்த்து மடிச்சுக்கிட்டுப் போங்க.”

“நேரமில்ல புள்ள!”

“நாலு வருசமா நேரமில்லாமத்தானே போறீங்க.”

அவன் கதவைத் திறந்து, மடங்காத காலை வெளியே போட்டு, பாதி நின்றும் பாதி தொங்கியும் அவளைப் பார்த்தான். அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டான். “எனக்கு இந்த வளைவு வேணாம் ஒச்சு. இது இருக்கிற வரைக்கும் நான் தெனமும் திருப்பிக்கிட்டே இருக்கேன். இது இல்லாமப் போச்சுன்னா நான் அவளக் கொல்லலைன்னு ஆயிரும்.”

ஒச்சம்மாவுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. “வளைவு போனா அவ செத்தது போயிருமா? செத்தது அப்படியேதான் இருக்கும். அவ இருந்ததுக்குத்தான் எடம் இல்லாமப் போகும். உங்கள யாரு கொன்னீங்கன்னு சொன்னா? நான் சொன்னனா? என்னைக்காவது எறங்கிக் கேட்டீங்களா?” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அவனைப் பார்த்தவள், அவனைத் தாண்டி இருட்டான காருக்குள் பார்த்தாள்.

“வர்றப்ப உங்க மூஞ்சியில ஏன் வெளிச்சம் இல்ல?”

“என்ன வெளிச்சம்?”

“டாக்டர் மேல ஏறுறப்ப மூஞ்சியில மஞ்சளா வெளிச்சம் அடிக்கும். பனியில நல்லாத் தெரியும். எத்தனை வருசம் பாத்திருக்கேன். ஏறுறப்பவும் எரியும், எறங்குறப்பவும் எரியும்.”

“அதை மலையேத்தச் சொல்லித்தானே அவரே சீட்டு எழுதி ஒட்டியிருக்காரு. விளக்கு மலையேறன்னு.”

“எங்க, காட்டுங்க.” அவள் ஓடிவந்து குனிந்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள். “மலை... யேற... விளக்கு.” நிமிர்ந்தாள். “ஏங்க, அந்த மனுசனுக்குத்தான் மலையேறுதுன்னு சொல்லவே வராதே! ஆறு வருசம் ஊரே திட்டியும் அணையுது அணையுதுன்னுதானே சொன்னாரு? அணைக்கணும்னா அணைன்னுல்ல எழுதியிருப்பாரு? இது விளக்கை மலையேத்தச் சொல்லல. மலையேற விளக்கு வேணும்னு சொல்லுது!”

ராசாங்கம் அந்தச் சீட்டைப் பார்த்தான். ஊரே படித்த சீட்டு, ஒருவரும் படிக்காத சீட்டு. எரிகிற விளக்கு ஓவர்டிரைவ் ஓடவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது, அதை ஊர் கூடி வாயடைத்து ஓவர்டிரைவை ஓட விட்டிருந்தது. கூடச் சுற்றிய கால் சுற்றுகளை மலையின் வளைவுகளிலிருந்துதான் எடுத்தோம் என்பது அவனுக்கு அப்போது விளங்கியது. உட்கார்ந்தான். கட்டைவிரலைப் பொத்தானில் வைத்தான். போன் அடித்தது, சிஸ்டர், அவன் எடுக்கவில்லை. விளக்கை ஏற்றினால் இந்த வளைவு நிற்கும். நின்றால் இதில் அவன் திருப்பியாக வேண்டும், கண்ணைத் திறந்துகொண்டு, இதே கையால், பக்கத்துச் சீட்டில் ஒரு உயிரை வைத்துக்கொண்டு. அந்த ஒரு நொடி அவன் விரல் அமுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒச்சம்மா அதைப் பார்த்தாள்.

அமுக்கினான். மஞ்சள் விளக்கு எரிந்தது. காரின் குரல் மாறியது, திணறல் போய் அடிவயிற்றிலிருந்து ஒரே உறுமலாக ஆனது, கைப்பிரேக்கை விட்டதும் பின்னால் வழுக்காமல் ரோட்டைப் பற்றிக்கொண்டு நின்றது. ஒச்சம்மா ஒதுங்கினாள். அவன் ஸ்டியரிங்கைத் திருப்பினான், அது திரும்பியது, வளைவு இருந்தது, வளைவு முழுவதும் இருந்தது, மாடம் இடது ஜன்னலில் இரண்டடி தள்ளி வந்து, அகலின் சுடர் ஐஸ் பெட்டியின் மூடியில் ஒரு கணம் மின்னிப் போனது. நாலு வருடத்தில் முதல் முறையாக அவன் அதைப் பார்த்தான். அவ்வளவு சின்ன விளக்கா என்றிருந்தது.

திரும்பி நிமிர்ந்தால் ஊர் வரவில்லை. பதினான்காவது வளைவு வந்தது, கருத்தப்பிள்ளையின் மூன்று ஆடுகளும் கொழுத்துப்போய் நடுரோட்டில் நின்றன. ஹாரனை அடித்து விலக்கினான். கார் இப்போது ஒவ்வொரு சுற்றையும் இஞ்சினின் சொந்த உழைப்பால் சுற்றியது, எடுத்த ஒவ்வொன்றையும் திருப்பி வைத்தது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. பதினைந்து வந்தது, கன்னிமார் மணி ஆடியது. பதினாறு வந்தது, குரங்குகள் வந்தன. எந்த வளைவுகளைத் தின்றதற்காக ஊர் அவனைக் கும்பிட்டதோ அந்த வளைவுகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு சாகக் கிடக்கிற மனுசனுக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றன. அவன் அழுதுகொண்டே ஓட்டினான், ஆனால் ஒன்றில்கூட அவசரப்படவில்லை, ஒவ்வொன்றையும் அகலமாக வாங்கி, மெதுவாக மடக்கி, நிமிர்த்தினான். பதினேழு. பதினெட்டு, சில்வர் ஓக், தார் டிரம். சுகாதார நிலைய வாசலில் எஸ்தர் சிஸ்டர் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். மணி பன்னிரண்டு நாலு.

வாத்தியார் பிழைத்தார். சாயந்தரத்துக்குள் ஈறில் ரத்தம் நின்றது, மறுநாள் அவரை அதே காரில், விளக்கு எரிய, ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். வழியில் பதின்மூன்றில் நிறுத்தச் சொன்னார், ஒச்சம்மாவைக் கூப்பிட்டார், மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்து, “சீட்டுல ஒரு கமா போட்டிருந்தா இந்தக் குழப்பமே வந்திருக்காது” என்றார். அவளும் அதை மன்னிப்பாகவே எடுத்துக்கொண்டாள்.

ஊருக்குத்தான் வருத்தம். ரோடு மறுபடி நீளமாகிவிட்டது, பஸ் முழுக்க ஏறிவந்தாலும் முக்கால் மணி நேரம் ஆகிறது, ஆஸ்பத்திரி பழைய இடத்துக்கே போய்விட்டது என்று செங்கமலம் உட்பட எல்லோரும் கொஞ்ச நாள் முனகினார்கள், பத்திரிகைகளில் மறுபடி பதினெட்டு என்று அச்சடித்தார்கள். கருத்தப்பிள்ளை மட்டும் ஆடுகளைக் கொஞ்சிக்கொண்டு திரிந்தார்.

வாத்தியாரை விட்டுவிட்டு வெறும் வண்டியாக ஏறிவந்த ராசாங்கம், அடிவாரத் தரை ரோட்டில் விளக்கை மலையேற்றியவன், முதல் வளைவுக்கு முன்னால் மறுபடி பொத்தானை அமுக்கிவிட்டு ஏறினான். பதின்மூன்றில் காரை ஓரம் கட்டினான். இறங்க அவனுக்கு நேரம் பிடித்தது. மாடத்தின் முன்னால் உட்கார முட்டி இடம் தராததால், ஒரு கையைப் பாறையில் ஊன்றிக் குனிந்து, கடையிலிருந்து ஒச்சம்மா நீட்டிய எண்ணெயை அகலில் ஊற்றினான், பாதி வெளியே சிந்தியது. அவள் டீ போட்டுக் கொடுத்தாள். அவன் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து குடித்தான், டம்ளரை அவனே கழுவி வைத்தான்.

கிளம்பும்போது பனி கவிந்திருந்தது. ஒச்சம்மா ஜன்னலில் குனிந்து, எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, முதல் முறையாக அவன் முகத்தில் அந்த மஞ்சள் வெளிச்சத்தை நிதானமாகப் பார்த்தாள்.

“விளக்கு எரியுதுங்களா?” என்று கேட்டாள்.

“ரெண்டும் எரியுது,” என்றான் ராசாங்கம்.